தொப்பியும் பெல்ட்டும் போதுமா?

பிரெக்ட்டைப் படித்த அளவுக்கு அவருடைய மேடையை வடிவமைத்த கஸ்பார் நேஹரை நாம் கவனித்ததில்லை. இருவரும் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் ஒன்றாகப் படித்த கூட்டாளிகள். 1928இல் பேர்லினில் அரங்கேறிய 'மூன்று பென்ஸ் ஒப்பெரா'வுக்கு மேடை அமைத்தவர் நேஹர்தான்.

படுதாவில் அரண்மனையை வரைந்து தொங்கவிட்டுத் தொடங்குகிறவரல்ல அவர். முதலில் மனிதர்களைக் கீறுவார். யார் யாருக்கு முதுகு காட்டுகிறான், யார் கதிரையின் நுனியில் இருக்கிறான் என்று. ஒத்திகையில் நடிகர்களை நிறுத்துவதற்கே பிரெக்ட் அந்தப் படங்களைப் பார்ப்பார். இடம் அதற்குப் பிறகுதான். நடிகர் கைபடும் கதவு அசல் கதவாக இருக்கும்; கைபடாத சுவர் இரண்டு கோட்டோடு நின்றுவிடும்.

1948இல் சுவிற்சர்லாந்தின் கூர் நகரில் 'அன்டிகனி'. தண்டனை பெற்று வரும் அன்டிகனியாக ஹெலனே வைகல். முதுகில் ஒரு கதவுப் பலகையைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். படத்தில் பார்த்தாலே நமக்குத் தோள் நோகும். அது உடுப்பா, செட்டா, கைப்பொருளா? பிரிக்க ஏலாது.

வைகலும் இதே வழிதான். மேடைப் பொருட்களைத் தானே தேடி எடுப்பார். பிரெக்ட் அதைப் பற்றி ஒரு கவிதையே எழுதினார். 1949இல் 'மதர் கரேஜ்' நாடகத்தில் அவர் தோல் பணப்பையை டக்கென்று மூடும் சத்தத்தில் அந்தத் தாயின் வியாபாரப் புத்தி முழுக்க வந்துவிடும்.

இதை வைத்து நம்மட பக்கம் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. தமிழ் மேடையில் முஸ்லிம் என்றால் தொப்பி, சாரன், அகலப் பச்சை பெல்ட். அவர் கடைக்காரரா, மீன்பிடிக்கிறவரா, வட்டைக்குப் போகிறவரா என்று அந்த உடுப்பு சொல்லாது. மற்றவர்கள் செய்தால் குறைப்படுகிறோம். நம்மட பாடசாலை நாடகத்திலும் அதே பெல்ட்தானே வருகிறது! தமிழ்த்தினப் போட்டிக்குப் பழக்கும்போது, "வயலால வாற வாப்பா சாரனை எப்படி மடிச்சுக் கட்டியிருப்பார்?" என்று கேட்டுப் பார்ப்பேன். பிள்ளைகள் உடனே செய்து காட்டுவார்கள். வாடகை உடுப்புத் தேவைப்படாது.

கறுப்புத் திரையும் சாக்குத் துணியும் போட்டால் பிரெக்ட் வந்துவிடுவார் என்பவர்களும் உண்டு. அதுவும் பச்சை பெல்ட்டின் தம்பிதான். கிழிந்த சட்டை வேண்டுமென்றால் எங்கே கிழிந்தது என்று கேட்க வேண்டும். மூட்டை தூக்குகிறவருக்குத் தோளில் கிழியும். மேசையில் இருந்து கணக்கு எழுதுகிறவருக்கு முழங்கையில்.