சுவர்கள் ஆற்றும் மறையுரை

பதுவா நகரை நாம் அறிந்திருப்பது புனித அந்தோனியாரால். அதே நகரில் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயமும் இருக்கிறது. 1305-ஆம் ஆண்டையொட்டி ஜோத்தோ என்னும் ஓவியர் அதன் சுவர்களெங்கும் அன்னை மரியாவின் வாழ்வையும் ஆண்டவரின் வாழ்வையும் ஈரச் சுண்ணத்தின்மேல் தீட்டினார். திருப்பயணமாகச் சென்ற எங்களைக் கண்ணாடி அறையொன்றில் சிறிது நேரம் காக்க வைத்த பின்னரே உள்ளே விட்டார்கள். மனிதர் கொண்டுவரும் ஈரமும் தூசியும் ஓவியத்தை அரிக்குமாம்.

யூதாசு முத்தமிடும் காட்சியின் முன் நின்றேன். அவனுடைய மஞ்சள் மேலாடை ஆண்டவரைப் போர்த்துக்கொள்கிறது. ஈட்டிகளும் தீவட்டிகளும் நெருக்கும் கூட்டத்தின் நடுவே இரு முகங்கள் மட்டும் அசைவற்று நிற்கின்றன. ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துவதே ஜோத்தோவின் ஆற்றல்.

ஆலயத்தைக் கட்டிய என்ரிகோவின் தந்தை வட்டித்தொழிலுக்குப் பேர்போனவர். கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அவரை நரகத்தில் வைத்தார். இங்கே இறுதித் தீர்வை ஓவியத்தில் வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பைக் கயிற்றிலேயே தொங்குகிறார்கள். அதே சுவரில் என்ரிகோ மண்டியிட்டு ஆலயத்தை அன்னைக்குக் காணிக்கையாக்குகிறார். பொருள் கொடுத்தவரின் குடும்பப் பழியையும் மறைக்காத கலை அது!

கடலூருக்குத் திரும்பிய பின், சிதம்பரம் சென்று சிவகாமியம்மன் சந்நிதி முன்மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பார்த்தேன். பதினேழாம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியங்கள் அவை. சடங்கே போதும், கடவுள் வேண்டா என்று செருக்கிய தாருகாவன முனிவர்களிடம் சிவன் பிச்சையேற்கும் கோலத்தில் வரும் கதை அங்கே விரிகிறது. இவ்வோவியர் கணத்தை நிறுத்துவதில்லை, காலத்தை ஓடவிடுகிறார். முகங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு, அது குறைதான். எனினும் உடல்களின் வளைவும் கைகளின் அசைவும் பேசுகின்றன. வண்ணம் உதிர்ந்த இடங்களிலும் கதை அறுபடவில்லை. வழிபாடு குறைவின்றி நடக்கும் இடத்திலேயே, வழிபாட்டுச் செருக்கைக் கண்டிக்கும் கதையை எழுதிவைத்திருக்கிறார்கள். பரிசேயரும் ஆயக்காரரும் என் நினைவுக்கு வந்தனர். பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965-இல் சங்கம் நமக்குக் கற்பித்ததன் பொருள் அன்று எனக்கு இன்னும் தெளிவாயிற்று.

இனி நம் வீட்டுக் கதை. என் பங்கு ஆலயத்தின் பீடச் சுவரில் பழைய ஓவியம் ஒன்று இருந்தது. திருந்திய கை வேலையன்று; ஆனால் அதில் இலாசர் செல்வந்தரின் வாசலில் கிடந்தார். திருவிழாவுக்காக அதன்மேல் பளபளக்கும் எண்ணெய் வண்ணம் பூசினார்கள். அதைத் தீர்மானித்த குழுவில் நானும் இருந்தேன், நன்கொடையும் தந்தேன். 'சுவர் அழுக்காயிருக்கிறது' என்று முதலில் சொன்னவனே நான்தான்.

அழுக்கையா மறைத்தோம்? திருப்பலிக்கு வரும் ஒவ்வொரு ஞாயிறும் நம்மைக் கேள்வி கேட்ட அந்த ஏழையையல்லவா மறைத்தோம்! கலைக்கூடங்களுக்காகத் தொலைதூரம் போகுமுன், நம் சுவர்கள் சொல்வதைக் கேட்போம். பதுவாவில் கண்ணாடி அறையில் காத்திருந்தபோது வராத வெட்கம், இப்போது அந்த வெள்ளைச் சுவரின் முன் மண்டியிடுகையில் எனக்கு வருகிறது.