நகையும் உரைக்குறிப்பும்: சிட்னி அறிஞரின் பதிப்புகள் தமிழ் நாடகத்திற்கு உணர்த்துவன

அழுகையினும் நகை விரைவில் மூப்படைகிறது. மகனை இழந்த தாயின் துயருக்கு உரை வேண்டுவதில்லை. நகையோ, அனைவரும் அறிந்திருந்தமையால் ஆசிரியர் எழுதாது விட்ட செய்தியின்மீது நிற்பது. அச்செய்தி மறைந்தபின் பனுவல் எஞ்சும், சிரிப்பு எஞ்சாது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தது. எனினும் தமிழ் நகைச்சுவை நாடகங்களுக்கு உரை காணும் மரபு வலுப்பெறவில்லை. இந்நிலையில், ஆங்கில இன்பியல் நாடகங்களுக்குச் சிட்னி அறிஞர் இருவர் ஆற்றிய பதிப்புப்பணி ஒப்புநோக்கத்தக்கது.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் எச். ஜே. ஆலிவர், ஷேக்ஸ்பியரின் ‘தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்’ நாடகத்தை ஆர்டன் வரிசையில் 1971இல் பதிப்பித்தார். இந்நாடகத்தின் பாடவேறுபாடு ஒன்று கருதத்தக்கது. பொறாமை கொண்ட கணவன் ஃபோர்டு மாறுவேடத்தில் சூடும் பெயர், 1602ஆம் ஆண்டுக் குவார்ட்டோவில் ‘புரூக்’. 1623ஆம் ஆண்டு ஃபோலியோவில் ‘புரூம்’. ‘புரூக்’ என்னும் சொல் ஓடையையும் குறிக்கும். தனக்கு மது அனுப்பியவன் பெயர் புரூக் எனக் கேட்ட ஃபால்ஸ்டாஃப், மது பெருக்கும் இத்தகைய ஓடைகள் வருக என மகிழ்கிறான். ‘புரூம்’ எனக் கொள்ளின் சிலேடை அறுந்துபோகும். கோபம் பிரபுக்களின் குடும்பப்பெயர் புரூக் ஆதலின் பெயர் மாற்றப்பட்டிருக்கலாம் என்பர். எனவே, இங்குப் பாடத்தேர்வு என்பது ஒரு சிரிப்பை மீட்பதேயாகும்.

சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. ஏ. வில்க்ஸ், பென் ஜான்சனின் நாடகங்களை 1981–82இல் நான்கு தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஆஸ்திரேலியப் பேச்சுவழக்கு அகராதியை 1978இல் வெளியிட்டவரும் அவரே. இவ்விரு பணிகளும் தம்முள் உறவுடையன. இலண்டன் எத்தர்களின் குழூஉக்குறி நிறைந்த ‘தி அல்கெமிஸ்ட்’ போன்ற நாடகத்திற்கு உரை காண்பவர், வழக்குச் சொல்லின் ஆயுள் குறுகியது என்பதை உணர்ந்தவராதல் வேண்டும். இலண்டனுக்குத் தொலைவில் இருந்தமை இவ்வறிஞர்க்குக் குறையாகவில்லை. உள்ளூரார்க்கு இயல்பாய்த் தோன்றுவது, தொலைவில் இருப்பவர்க்கே வினாவாக எழுகிறது.

இத்தகைய பதிப்புகளுக்கு எல்லையும் உண்டு. குறிப்பு நகையை விளக்குமேயன்றி விளைவிக்காது. சொற்பொருளோடு அமையும் குறிப்பு, நடிகரின் இடைநிறுத்தத்தையும் மெய்ப்பாட்டையும் தவறவிடும். தமிழ்ப் பதிப்பாசிரியர் இக்குறையையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘நானாடகம்’ 1940இல் வெளிவந்தது. மொழியியல் அறிஞரான அவர், யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழையே நாடகமொழியாக்கினார். அதிலுள்ள ‘உடையார் மிடுக்கு’ என்னும் தலைப்பே உரை வேண்டி நிற்கிறது. தமிழ்நாட்டு வாசகர் ‘உடையார்’ என்பதைச் சாதிப்பெயராகக் கொள்ளக்கூடும். இலங்கையிலோ அது குடியேற்ற ஆட்சிக்காலத்து ஊர்த்தலைமைப் பதவியின் பெயர். பதவியை அறியாதார்க்கு அதன் மிடுக்கு நகைக்குரியதாவது எங்ஙனம்?

மெல்பேணிலும் சிட்னியிலும் பிறந்து தமிழ் கற்கும் தலைமுறைக்கு இவ்விடர்ப்பாடு இருமடங்காகும். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, வழக்கொழிந்த பலவற்றுக்கு நச்சினார்க்கினியரின் உரை துணைநின்றது. பேச்சுமொழி நாடகங்களுக்கு அத்தகைய உரை இல்லை. அவ்வழக்கைப் பேசி வளர்ந்த முதியோரின் நினைவே எஞ்சியுள்ள சான்று. ஏடு செல்லரித்தாலும் பிறிதொரு படி கிடைக்கக்கூடும். அம்முதியோரின் நினைவுக்குப் படி இல்லை. ஆதலின் அவர் வாழுங்காலத்திலேயே அவர்தம் வாய்மொழி விளக்கங்களைத் தொகுத்து, பாடவேறுபாடும் மேடைக்குறிப்பும் இணைத்துப் பதிப்பித்தல் புலம்பெயர் தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.