முடிவு தெரிந்த நாடகத்தை எப்படி ரசிப்பது?

ஈடிபஸ் தன் அப்பாவைக் கொன்றவன், பெற்ற தாயையே மணந்தவன். உண்மை தெரிந்ததும் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். இதனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கி.மு. 429 வாக்கில் சோபக்ளிஸ் இந்த நாடகத்தை ஏதென்ஸ் நகரத்தில் மேடையேற்றியபோது, மலைச்சரிவில் உட்கார்ந்து பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில் இந்தக் கதை தெரியாதவர் இருந்திருக்க மாட்டார். ஹோமர் காலத்திலிருந்தே ஊருக்குத் தெரிந்த கதை அது.

கிரேக்க சோக நாடகம் என்றதும் நம் ஆங்கில வகுப்புகளில் பிள்ளைகள் மிரளுகிறார்கள். பெயர்கள் வாயில் நுழையாது, எதற்கெடுத்தாலும் ஒரு கூட்டம் வந்து பாடும், கடைசியில் எல்லோரும் செத்துப்போவார்கள். ஆனால் வலையபட்டியிலும் காரைக்குடி சுற்றுவட்டாரத்திலும் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இதை ரசிக்கத் தேவையான பயிற்சியில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொடுத்தது பள்ளிக்கூடமல்ல, திருவிழா நாடகம்.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், பபூன் வேறெங்கிருந்தோ வந்து இறங்குவார். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தால் நாடகம் தொடங்கிவிடும், விடியும்வரை நடக்கும். பார்க்க வந்தவர்களுக்கும் கதை தெரியும். வள்ளியை முருகன் மணந்துகொள்வான் என்பது தெரிந்தும் ஜனம் ராத்திரி முழுக்க மணலில் உட்கார்ந்திருக்கிறது. முடிவு தெரியாததால் வரும் பரபரப்பு ஒரு வகை. முடிவு தெரிந்ததால் வரும் பதைப்பு இன்னொரு வகை. கிரேக்க நாடகம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அதை ரசிக்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. ஒவ்வொரு காட்சியிலும் கேளுங்கள்: இந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும்?

அரிச்சந்திர மயான காண்டத்தை எடுத்துக்கொள்வோம். பாம்பு கடித்து இறந்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருகிறாள். காவல் காப்பவன் கால் பணமும் முழத் துண்டும் கேட்கிறான். அவன்தான் அரிச்சந்திரன் என்பது நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது, அவள் யார் என்பது அவனுக்கும் தெரியாது. என்னிடம் ஒன்றுமில்லை என்கிறாள். கழுத்தில் தாலி கிடக்கிறதே, அதை விற்றுக் கொடு என்கிறான். அவள் தாலி அதைக் கட்டியவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பது வரம். அந்த நொடியில் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அவனுக்கு இன்னும் புரியவில்லை. அவள் முகத்தில் ஓடுவதைப் பார்க்கத்தான் பாட்டிமார்கள் அதுவரை தூங்காமல் இருக்கிறார்கள். நல்ல ஸ்திரீபார்ட் அந்த இடத்தில் உடனே பாட்டை எடுக்க மாட்டார், கொஞ்சம் நிறுத்துவார்.

இப்போது ஈடிபஸுக்கு வருவோம். கொரிந்த் நகரிலிருந்து ஒரு கிழவன் நல்ல சேதியோடு வருகிறான்: உங்கள் அப்பா பாலிபஸ் முதுமையால் இறந்தார், இனி அந்த நாட்டுக்கும் நீங்களே ராஜா. அப்பாவைக் கொல்வாய், அம்மாவை மணப்பாய் என்ற குறிவாக்குக்குப் பயந்திருந்த ஈடிபஸுக்கு ஒரு பக்கம் நிம்மதி, அப்பாவைக் கொல்லவில்லையே என்று. இன்னொரு பக்கம் பயம், அம்மா உயிரோடு இருக்கிறாளே என்று. கிழவன் அந்தப் பயத்தையும் போக்க நினைக்கிறான். அவள் உங்களைப் பெற்றவளே இல்லை, கணுக்கால்கள் துளைக்கப்பட்டுக் கிடந்த குழந்தையை நான்தான் வாங்கி வந்து கொடுத்தேன் என்கிறான். நல்லது செய்ய நினைத்துச் சொல்லும் சொல்தான் வீட்டை இடிக்கிறது. இதற்குள் மேடையில் இன்னொருத்தி நிற்கிறாள், அவன் ராணி யொகாஸ்டா. கிழவனும் ஈடிபஸும் மாறி மாறிப் பேச, அவளுக்கு வசனமே இல்லை. கணுக்கால் என்று கேட்டபோதே அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். பிறகு வாயைத் திறக்கும்போது, இதற்கு மேல் தோண்டாதே என்று கெஞ்சுகிறாள். ஈடிபஸோ, தான் தாழ்ந்த குலத்தில் பிறந்தவனாக இருக்கலாம் என்று ராணி வெட்கப்படுகிறாள் என்று நினைக்கிறான். அவள் உள்ளே போகிறாள், திரும்பி வருவதில்லை.

மயான காண்டத்திலும் முதலில் தெரிவது பெண்ணுக்கு. ஈடிபஸ் ஆளும் தீப்ஸ் அரண்மனையிலும் பெண்ணுக்குத்தான். சந்திரமதி உண்மையைச் சொல்லத் துடிக்கிறாள், யொகாஸ்டா மறைக்கத் துடிக்கிறாள். நம் கதையில் தெய்வம் இறங்கி வந்து பிள்ளையை எழுப்பிக் கொடுக்கும். ஈடிபஸுக்கு அப்படி யாரும் வருவதில்லை. எல்லா கிரேக்க நாடகமும் பிணத்தில்தான் முடியும் என்பதும் தவறு. யூரிபிடிஸின் ‘ஹெலன்’ பிரிந்த கணவனும் மனைவியும் சேர்ந்து தப்பிப்பதில் முடிகிறது.

ஈடிபஸின் வேதனை செட்டிநாட்டுப் பிள்ளைக்கு இன்னொரு வழியாகவும் எட்டும். பிள்ளை கூட்டுவது, அதாவது சுவீகாரம், இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். கூட்டி வந்த பிள்ளை வந்த வீட்டின் கோயிலைச் சேர்ந்தவனாகிவிடுவான். பெண் பார்க்கும்போது முதலில் கேட்பது, என்ன கோயில், என்ன பிரிவு என்பதைத்தான். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள். கொடுக்கல் வாங்கல் கிடையாது. கொரிந்த் ராஜா ஈடிபஸைப் பிள்ளை கூட்டிக்கொண்டார்; ஆனால் அவனிடம் சொல்லவில்லை, ஊரையும் கூட்டிச் செய்யவில்லை. விருந்தில் குடித்த ஒருவன், நீ உன் அப்பனுக்குப் பிறந்தவனில்லை என்று உளறியதில் தொடங்குகிறது அவன் ஓட்டம். நான் யார் வீட்டுப் பிள்ளை என்ற ஒரே கேள்விதான் நாடகம் முழுவதும். இங்கே அந்தக் கேள்வி கல்யாணத்துக்கு முன்னால் கேட்கப்படும். அங்கே நான்கு பிள்ளைகள் பிறந்த பிறகு கேட்கிறார்கள்.

கொலை எதையும் மேடையில் காட்டவில்லையே என்று சினிமா பார்த்து வளர்ந்த பிள்ளைகள் குறைப்படுவார்கள். செட்டிநாட்டு வீட்டை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிரேக்க மேடை என்பது வீட்டு முகப்பு மட்டும். வளவிலும் அதற்கு அப்பால் உள்ள கட்டுகளிலும் நடப்பது நமக்குத் தெரியாது. கதவு ஒன்றுதான் கண்ணில் படும். அந்தக் கதவுக்குள் யார் போகிறார், எப்படிப் போகிறார் என்று பாருங்கள். எஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகத்தில் போர் முடிந்து வந்த ராஜாவுக்கு மனைவி விலையுயர்ந்த செந்நிறத் துணியை வாசலிலிருந்து விரிக்கிறாள். மிதிக்கத் தயங்குகிறான், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து உள்ளே போகிறான். அவ்வளவுதான். அடுத்து அவனிடமிருந்து நமக்குக் கிடைப்பது உள்ளிருந்து வரும் அலறல். யொகாஸ்டா தூக்கிட்டுக்கொண்டதையும் ஈடிபஸ் அவள் உடையிலிருந்த பொன் ஊசிகளைப் பிடுங்கிக் கண்ணில் குத்திக்கொண்டதையும் ஒரு வேலைக்காரன் வெளியே வந்து சொல்கிறான். இந்தத் தூதர் பேச்சுகளைக் கண்ணால் படித்தால் சப்பென்றிருக்கும். வகுப்பில் குரல் நன்றாக உள்ள ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லி, மற்றவர்களைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள்.

கோரஸ் என்ற பாட்டுக் கூட்டத்தைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். தாண்டாதீர்கள். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை எந்த இடத்தில் வருகிறது? கோவலன் மதுரைக் கடைத்தெருவுக்குச் சிலம்பு விற்கப் போய் வெட்டுப்பட்ட பிறகு, அந்தச் சேதி கண்ணகிக்கு வந்து சேர்வதற்கு முன். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை என்று கெட்ட சகுனம் கண்டு ஏழு பெண்கள் கைகோத்துக் கண்ணனைப் பாடி ஆடுகிறார்கள். சோபக்ளிஸ் இதே இடத்தில்தான் பாட்டை வைக்கிறார். ஈடிபஸ் யார் என்று தெரியப் போவதற்குச் சற்று முன், நம் ராஜா ஒரு தெய்வத்துக்கே பிறந்தவனாக இருக்கலாம் என்று கோரஸ் குதூகலமாகப் பாடுகிறது. ‘ஆன்டிகனி’யிலும் மூன்று சாவுச் சேதி வருவதற்கு முன்பு டயோனைசஸ் தெய்வத்தை வரவேற்று ஒரு பாட்டு. இளங்கோ சோபக்ளிஸைப் படித்தார் என்று யாரும் சொல்ல வேண்டாம். சபையை அறிந்த இரண்டு கலைஞர்கள் ஒரே உத்தியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் பூர்வீகம் என்று சொல்லும் காவிரிப்பூம்பட்டினம்தான் கண்ணகிக்கும் ஊர் என்பதால், இந்த உதாரணத்தை இங்கே சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

முகமூடி, மூன்றே நடிகர்கள், பெண் வேடத்திலும் ஆண்கள், வசந்த விழாவில் போட்டி, கோரஸ் செலவை ஏற்கும் பணக்காரர் என்ற தகவல்களை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். திருவிழா நோட்டீஸில் ‘நாடகம் உபயம்’ என்று பெயர் பார்த்தவர்களுக்கு அந்தப் பணக்காரரும் புதியவர் அல்ல. ஒரு சுவையான செய்தி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யூரிபிடிஸின் ‘மெடியா’ கி.மு. 431 போட்டியில் மூன்றாமிடம்தான் பெற்றது. போட்டியிட்டவர்களே மூன்று பேர்.

அடுத்தது கட்டுரை. இங்கேதான் நம் வகுப்புகள் சறுக்குகின்றன. கைடில் ஒரு விடை இருக்கிறது: ஈடிபஸின் அழிவுக்குக் காரணம் அவன் ஆணவம். நாற்பது பிள்ளைகளும் அதையே எழுதுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. முச்சந்தியில் அப்பா லாயஸைக் கொன்றதும் யொகாஸ்டாவை மணந்ததும் நாடகம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே முடிந்த காரியங்கள். அவன் அடக்கமானவனாக இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? உண்மை தெரியாமல் போயிருக்கலாம்; கொலைகாரன் யாரென்று தெரியும்வரை தீராத கொள்ளைநோய் தீப்ஸில் தொடர்ந்து ஜனம் செத்திருக்கும். நாடகத்துக்குள் அவன் செய்வது ஒன்றே ஒன்று, விடாமல் விசாரிப்பது. அது குற்றமா, ராஜாவின் கடமையா? இப்படிக் கேட்டால் கட்டுரை பிறக்கும்.

கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்தைவிட நல்ல கருவி காரைக்குடியிலேயே இருக்கிறது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பராமாயணப் பாத்திரங்களை வைத்து அணி பிரிந்து வாதாடும் பட்டிமண்டபம் அந்த விழா மேடையில்தான் பேர் வாங்கியது. இன்று தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் நகைச்சுவைத் துணுக்குகள் மிஞ்சிவிட்டன, அதை மறந்துவிடுங்கள். அந்தப் பழைய மேடையின் ஒழுங்கு வேறு. நீங்கள் சொல்வதற்குப் பாட்டில் இடம் காட்ட வேண்டும், எதிரணியின் வலுவான வாதத்துக்குப் பதில் சொல்லாமல் இறங்கக் கூடாது.

அதற்கு ‘ஆன்டிகனி’யை விடப் பொருத்தமான நாடகம் இல்லை. அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் கொன்று கிடக்கிறார்கள். ஊரைக் காத்தவனுக்கு முறைப்படி சடங்கு, ஊர்மேல் படையெடுத்தவனின் பிணத்தைத் தொடக்கூடாது என்கிறான் புதிய ராஜா கிரியோன், அவர்களின் தாய்மாமன். தங்கை ஆன்டிகனி போய் மண் தூவுகிறாள். வாய்க்கரிசி போட ஆளில்லாமல் போவதைச் சாபமாகச் சொல்லும் ஊரில் அவள் பக்கம் சாய்வது சுலபம். எனவே கிரியோன் பக்கம் பேச வகுப்பின் கெட்டிக்காரப் பிள்ளையை அனுப்புங்கள். உள்நாட்டுப் போர் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது, சொந்தச் சகோதரி மகள் என்பதற்காகச் சட்டத்தை வளைத்தால் நாளை யார் மதிப்பார்கள் என்று அவன் கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டும். ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டபோது நெல்சன் மண்டேலா நடித்தது கிரியோன் வேடத்தில். கிரியோனின் தொடக்கப் பேச்சுகளில் விவேகம் இருப்பதைத் தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டு, அதன் பிறகுதான் அவனுடைய கண்மூடித்தனத்தை அவர் கண்டிக்கிறார். நல்ல கட்டுரை எழுதும் வரிசையும் அதுதான்.

வாதம் தமிழில் நடக்கட்டும். ஆங்கில வகுப்பில் தமிழா என்று முகம் சுளிக்காதீர்கள். யோசனை எந்த மொழியில் சூடாகிறதோ அந்த மொழியில் முதலில் வரட்டும். பிறகு ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதட்டும், யாராவது மறுக்கக்கூடிய வாக்கியம். ‘கிரியோன் கெட்டவன்’ என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை, அதனால் அதில் கட்டுரை இல்லை. ‘கிரியோன் ஆணை பிறப்பித்தது தவறில்லை, மகன் ஹீமோன் ஊர் அவளுக்காக அழுகிறது என்று வந்து சொன்ன பிறகும் கேட்காததே தவறு’ என்பதில் இருக்கிறது. அதை எழுதிய பிள்ளை ஹீமோன் காட்சிக்குத் திரும்பிப் போய் வரிகளைத் தேடியே ஆக வேண்டும். எதிர்த்தரப்பு ஒரு பத்தி, அதற்குப் பதில் ஒரு பத்தி. இலக்கணப் பிழைக்குச் சிவப்பு மையைக் கடைசித் திருத்தத்தில் எடுங்கள், முதலில் எடுத்தால் பேனா நின்றுவிடும்.

படிக்கத் தொடங்குபவர்களுக்கு என் வரிசை: முதலில் ‘ஈடிபஸ்’, அடுத்து ‘ஆன்டிகனி’, பிறகு ‘மெடியா’. எஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ அடங்கிய மூன்று நாடகத் தொடரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது கடினம். ‘ஈடிபஸ்’ 1,500 வரிக்குச் சற்று மேல். ஒரே மாலையில் உரக்க வாசித்துவிடலாம். டைரோன் கத்ரி 1957-இல் முகமூடி நடிகர்களை வைத்து எடுத்த படமும் உண்டு. படித்த பிறகு பாருங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிரியோன் பக்கம் நின்று, நாடகத்தில் இடம் காட்டி எழுதிய பிள்ளைக்கும் முழு மதிப்பெண் போடுங்கள்.