செவிமடுக்கும் முகம்

பேசுகின்ற நடிகரை எவரும் கவனிப்பர். பேசாதிருக்கும் வேளையிலும் நம் கண்களைத் தம்மிடம் இருத்திக்கொள்ளும் நடிகர் மிகச் சிலரே. ஹாலிவுட்டின் பொற்காலம் எனப்படும் ஆண்டுகளில் கிளார்க் கேபிள் தம் குறும்புச் சிரிப்பால் வென்றார். கேரி கிராண்ட் தம் நேர்த்தியால் வென்றார். ஸ்பென்சர் டிரேசிக்கோ இவை வாய்க்கவில்லை. கட்டையான உடல்வாகு, கோடுகள் விழுந்த, சாதாரணமான முகம். ஆயினும் 1930 முதல் 1967 வரை அவர் முன்னணி நடிகராக நிலைத்திருந்தார். ஒன்பது முறை ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, 1937, 1938 ஆகிய ஆண்டுகளின் படங்களுக்காக அடுத்தடுத்து இருமுறை அவ்விருதைப் பெற்றார். இந்த ஈர்ப்பின் மறைபொருள் யாது? அவர் செவிமடுக்கத் தெரிந்த நடிகர் என்பதே நம் விடை.

இரண்டாவது ஆஸ்கரை அவருக்கு ஈட்டித் தந்த 'பாய்ஸ் டவுன்' (1938) நம் வாசகர் பலர் அறிந்த படம். 1917ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் தொடங்கிய அருள்தந்தை எட்வர்ட் பிளானகனாக அதில் டிரேசி தோன்றுகிறார். படத்தின் தொடக்கத்தில், மரண தண்டனை பெற்ற ஒருவன் இறுதி வேளையில் வெடித்துப் பேசுகிறான். பன்னிரண்டு வயதில் தனக்கு ஒரே ஒரு நண்பன் இருந்திருந்தால் இந்த நிலை வந்திராது என்பதே அவன் முறையீடு. குரு அவனுக்கு மறையுரை ஆற்றவில்லை, கேட்கிறார். அந்தச் சொற்கள் அவருள் இறங்குவதை நாம் கண்ணால் காண்கிறோம். பின்னர் எழும்பும் இல்லத்தின் அடித்தளம் அந்த மௌனத்திலேயே இடப்பட்டுவிடுகிறது. படத்தின் பிற்பகுதியில் வங்கிக் கொள்ளையும் மிகையான கண்ணீரும் புகுந்து கதையைத் தளர்த்துவது உண்மையே. எனினும் அந்த முதற்காட்சியின் வலிமை குன்றுவதில்லை.

அங்கே கனிவாக வெளிப்பட்ட அதே பண்பு, 'பேட் டே அட் பிளாக் ராக்' (1955) படத்தில் துணிவாக உருக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டு. நான்கு ஆண்டுகளாக இரயில் நின்றிராத ஒரு பாலைநிலச் சிற்றூரில், ஒரு கை செயலிழந்த மனிதர் வந்து இறங்குகிறார். போரில் தம் உயிரைக் காத்து மாண்ட ஜப்பானிய அமெரிக்க வீரனின் பதக்கத்தை அவன் தந்தையிடம் ஒப்படைப்பதே அவர் நோக்கம். அந்தத் தந்தையை ஊரார் சிலர் இனவெறியால் கொன்றுவிட்டனர். மற்றவர் வாய்மூடிக் கிடக்கின்றனர். உணவு விடுதியில் முரடன் ஒருவன் அவரை இழித்துரைத்து, அவர் உணவின் மேல் தக்காளிச் சாஸைக் கவிழ்க்கிறான். டிரேசி உடனே சீறவில்லை. ஒரு கை சட்டைப் பையிலேயே இருக்க, அவன் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இறுதியில் மற்றொரு கை எழும்போது அது பழிவாங்கலாக அன்றி, தீர்ப்பாகவே நமக்குத் தோன்றுகிறது. முரடனாக நடித்த எர்னஸ்ட் போர்க்னைனே, 'மார்ட்டி' என்னும் வேறொரு படத்துக்காக அவ்வாண்டின் ஆஸ்கர் விருதை டிரேசியை முந்திப் பெற்றார் என்பது ஒரு வேடிக்கை.

இப்பண்பு முழு நிறைவை எய்துவது 'ஜட்ஜ்மெண்ட் அட் நியூரம்பர்க்' (1961) படத்தில் என்போம். ஹிட்லரின் ஆட்சிக்குத் துணைபோன ஜெர்மானிய நீதிபதிகளை விசாரிக்கும் அமெரிக்க நீதிபதியாக டிரேசி அமர்ந்திருக்கிறார். மூன்று மணி நேரம் ஓடும் படத்தில் பெரும்பகுதி பிறர் பேச்சே. வாதாடும் வழக்கறிஞராக மேக்ஸிமிலியன் ஷெல் கனல் பறக்கப் பேசி ஆஸ்கர் விருது பெற்றார். கட்டாயக் கருத்தடைக்கு ஆளான எளிய மனிதராக மாண்ட்கோமரி கிளிஃப்ட் தடுமாறித் தடுமாறிச் சாட்சி சொல்கிறார். இவர்கள் பேச்சுக்கு எடை எங்கிருந்து வருகிறது? கேட்கின்ற நீதிபதியின் முகத்திலிருந்தும் அன்றோ! சிறைக்கூடத்தில், தண்டிக்கப்பட்ட நீதிபதி, இத்தனை இலட்சம் பேர் மாள்வர் எனத் தாம் அறிந்திருக்கவில்லை என்கிறார். குற்றமற்றவர் என அறிந்தே ஒருவருக்கு அவர் மரண தண்டனை விதித்த முதல் நாளிலேயே அது தொடங்கிவிட்டது என்று டிரேசி மறுமொழி கூறுகிறார். சுருங்கிய மறுமொழிதான். மூன்று மணி நேரம் செவிமடுத்தவர் சொல்வதால் அதை மறுக்க நமக்கு நா எழுவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் முறை. 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' (1941) படத்தில் கொடியவனாக உருமாறி, கண்களை உருட்டிப் பல்லைக் காட்ட வேண்டியிருந்தபோது டிரேசி வெற்றி பெறவில்லை. தம்மைக் காட்டிக்கொள்ள முயன்ற இடத்தில் அவர் சிறுத்தார். பிறரைக் காண முயன்ற இடங்களில் வளர்ந்தார்.

திரையில் கண்ட சான்றாண்மையை நடிகரின் வாழ்வுக்கு நற்சான்றாக்குவதும் தவறு. கத்தோலிக்கராக வளர்ந்த டிரேசி மதுவோடு நெடுங்காலம் போராடித் தோற்றவர். மனைவி லூயிஸை மணவிலக்குச் செய்யாமலே பிரிந்து வாழ்ந்தவர். நடிகை கேத்தரின் ஹெப்பர்னுடன் கொண்ட உறவு பலரும் அறிந்ததே. அவர்தம் மகன் ஜான் பிறவியிலேயே செவித்திறன் அற்றவர். அத்தகைய குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் உதவ லூயிஸ் 1942இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய நிலையத்துக்கு டிரேசி பொருளுதவி செய்தார். ஒலி எட்டாத மகனின் தந்தை, உலகத் திரையில் செவிமடுத்தலின் உருவமாக நிற்கிறார்! இவ்வாழ்வைத் தீர்ப்பிடுவது நம் பணியன்று. நொறுங்கிய கலத்திலும் நன்னீர் தங்கக்கூடும் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அவர் இறுதிப் படம் 'கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்' (1967). உடல்நலம் குன்றிய அவருக்குக் காப்பீடு கிடைக்காதபோது, இயக்குநர் ஸ்டான்லி கிராமரும் ஹெப்பர்னும் தம் ஊதியத்தையே பிணையாக வைத்தனர். தம் மகள் ஒரு கறுப்பின மருத்துவரை மணப்பதை ஏற்கத் தயங்கும் தந்தையாக அதில் அவர் நடித்தார். முடிவில் அவர் ஆற்றும் நெடிய உரையைப் புகழாதவர் இல்லை. ஆனால் அவ்வுரையைப் பிறப்பித்தது அதற்கு முந்தைய ஒரு காட்சி. மருத்துவரின் தாய், காதலித்த காலத்தை முதிய ஆண்கள் மறந்துவிட்டனர் என்று மென்மையாகக் கடிந்துகொள்கிறார். தந்தை கேட்கிறார், தனித்து நின்று எண்ணுகிறார், மனம் மாறுகிறார். படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், 1967 ஜூன் 10 அன்று டிரேசி மறைந்தார். இரண்டே நாள் கழித்து, இனக் கலப்பு மணத்தைத் தடை செய்த மாநிலச் சட்டங்கள் செல்லா என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் இல்லங்களில் பேச்சுக்குக் குறைவில்லை, கேட்பாருக்குத்தான் பஞ்சம். பிறர் பேசி முடிக்கும்வரை அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதிருப்பது ஓர் அறம் என்றால், அதை இந்த நடிகரின் படங்களிலும் நாம் கற்றுக்கொள்ளலாம்.