கையால் அடைத்த தோட்டா: சிக்கனமா, சீர்மையா?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பழக்கமுள்ள பலருடைய கார் ஷெட்டில் ஒரு கனமான மர மேசையைப் பார்க்கலாம். அதன் விளிம்பில் ஓர் இரும்பு பிரஸ் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, பழைய அளவுக்கு இறுக்கி, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர் பொருத்தி, மருந்து ஊற்றி, குண்டை வைத்து அழுத்தி மறுபடியும் தோட்டாவாக்குகிற வேலை அங்கே நடக்கிறது. சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்ய அந்நாட்டின் மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்பனைக்குச் செய்தால்தான் கேட்கிறது. நம் நாட்டில் கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இது அமெரிக்கப் பழக்கம் ஒன்றைப் பற்றிய கட்டுரை. அதிலும் ரைபிளை விட்டுவிட்டு, அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு, அதாவது பிஸ்டலுக்கு, வீட்டில் தோட்டா அடைப்பதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். கையால் அடைத்த தோட்டாவின் நிறையும் குறையும் பிஸ்டலில்தான் மிகத் துல்லியமாகத் தெரிகின்றன.

இந்தப் பழக்கம் பரவியதற்கு இரண்டாம் உலகப் போர் ஒரு பெரிய காரணம். போர் முடிந்தபின் ராணுவத்திடம் மிஞ்சிய மருந்தை வாங்கி, புரூஸ் ஹாட்ஜ்டன் பொதுமக்களுக்கு மலிவாக விற்றார். 1943இல் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் உறுதியான பிரஸ்களைச் செய்து கொடுத்தது. 1958இல் ரிச்சர்ட் லீ, சுத்தியலால் தட்டியே தோட்டா அடைக்கக்கூடிய ஒரு சிறிய கருவிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பிறகு மைக் டில்லனின் நிறுவனம் செய்த பிரஸ்களால், கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா விழும் என்ற நிலை வந்தது. சாமானியன் கைக்கு எட்டிய தொழில்நுட்பம் என்ற வகையில் இந்த வரலாற்றின் மீது எனக்கு மரியாதை உண்டு.

ஏன் அடைக்கிறீர்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதில் சிக்கனம். தோட்டாவின் உறுப்புகளில் விலை கூடியது பித்தளைக் கூடு. அதைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால் கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் 9 மி.மீ. தோட்டா ஆலைகளில் கோடிக்கணக்கில் உற்பத்தியாகிறது; அதன் கடைவிலைக்கும் வீட்டு அடக்கவிலைக்கும் உள்ள இடைவெளி சிறியது. கருவிகளுக்குப் போட்ட பணத்தையும் மேசையருகே கழித்த மாலைகளையும் சேர்த்தால் அது இன்னும் சுருங்கும். 2020இல் தொடங்கிய தட்டுப்பாட்டில் இந்த வாதத்தின் பலவீனம் வெளிப்பட்டது. கடைகளில் தோட்டா மறைந்தபோது பிரைமரும் சேர்ந்தே மறைந்தது. கிடைத்த இடங்களில் விலை பல மடங்கு. கையிருப்பு வைத்திருந்தவர் மட்டுமே தப்பினார்.

சிக்கனத்தை விட வலுவான நியாயம் சீர்மை. தன் துப்பாக்கிக்கும் தன் கைக்கும் பொருந்திய ஒரு தோட்டாவை, நூறாவதும் முதலாவதைப் போலவே இருக்கும்படி ஆக்கிக்கொள்வது. போட்டியாளர்களுக்கு இது வெறும் ரசனை இல்லை, விதி. யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் போட்டிகளில் குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பார்கள். ‘மைனர்’ தகுதிக்கு 125 வரவேண்டும். ‘மேஜர்’ தகுதிக்கு 165. 124 கிரெயின் குண்டு நொடிக்கு 1,010 அடி போனால் மைனரை மயிரிழையில் தாண்டும். 125க்கும் கீழே போனால் சுட்டவருக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆகவே குரோனோகிராஃப் என்கிற வேகமானியின் முன் தோட்டாக்கள் ஒன்றுபோல ஓடவேண்டும்.

ஆனால் சீர்மை என்ற சொல்லின் பின்னே ஒரு மயக்கமும் இருக்கிறது. ஐந்து தோட்டா சுட்டு, வேக விலகல் ஒற்றை இலக்கத்தில் வந்தது என்று மகிழ்பவர்கள் பலர். ஐந்தை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. அது கிடக்கட்டும், அந்த விலகல் இலக்கில் என்ன செய்கிறது? நொடிக்கு 1,000 அடி வேகத்தில் போகும் குண்டு 25 கஜ தூரத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் தாழும். வேகம் 30 அடி குறைந்தால் இன்னும் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தாழாது. சுடுபவரின் கை நடுக்கத்துக்கு முன் இது ஒன்றுமே இல்லை. பிஸ்டலில் வேகச் சீர்மையின் உண்மையான பயன் வேறு. எல்லாக் கூடுகளிலும் ஒரே அளவு மருந்து விழுந்ததா, எல்லாக் குண்டும் ஒரே ஆழத்தில் அமர்ந்ததா என்பதற்கு அது ஒரு சாட்சி. எண்கள் சிதறினால் மேசையில் எதுவோ தவறியிருக்கிறது என்று பொருள். அடைப்பவர்களில் பெரும்பாலோர் இந்த எண்ணைத் துல்லியத்தின் அடையாளமாகவே படிக்கிறார்கள். பாதுகாப்பின் அடையாளமாகப் படிப்பதே சரி என்பது என் கட்சி.

பாதுகாப்புக்கு வருவோம். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 சொச்சம் பவுண்டு. 1926இல் அமைந்த எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற அமெரிக்க உற்பத்தியாளர் கழகம் 9 மி.மீ. தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 35,000 பவுண்டு. டயரைப் போல ஆயிரம் மடங்கு அழுத்தம் முகத்துக்கு முன்னால் ஓரிரு அடியில் எழுந்து அடங்குகிறது. இதை எழுப்பும் மருந்தோ சில கிரெயின்தான். நம் பொற்கொல்லர்கள் பயன்படுத்திய குன்றிமணி ஒன்று இரண்டு கிரெயினுக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் அரைக் கிரெயின் தவறு என்பது எவ்வளவு சிறியது, எவ்வளவு பெரியது என்று புரியும்.

இதில் இன்னொரு சிக்கல், வீட்டில் அடைப்பவரிடம் அழுத்தம் அளக்கும் கருவி இல்லை. ரைபிளில் போல்ட் இறுகுவது, பிரைமர் தட்டையாவது போன்ற சில எச்சரிக்கைகள் கிடைக்கும். பிஸ்டலில் அவற்றை நம்ப முடியாது. கூடு தூரமாகத் தெறித்தால் மருந்து அதிகமாகவும் இருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்தும் இருக்கலாம். ஆகவே ஆய்வகத்தில் அளந்து அச்சிட்ட கையேட்டு அட்டவணைதான் அவருடைய ஒரே அழுத்தமானி. அதிலும் இரண்டு கையேடுகள் ஒரே மருந்துக்கு இரண்டு உச்ச அளவுகள் சொல்லும். குழல் வேறு, குண்டு வேறு, மருந்தின் தொகுதி வேறு என்பதே காரணம். இரண்டில் பெரியதைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிற மனம்தான் ஆபத்தானது.

பிஸ்டலுக்கு எல்லை இரு பக்கமும் உண்டு. ரிவால்வரில் மென்மையான தோட்டா போட்டாலும் விரல்தான் அடுத்ததைச் சுழற்றுகிறது. பிஸ்டலில் சுட்ட தோட்டாவின் உதைதான் ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக் கூட்டை எறிந்து, அடுத்ததை ஏற்ற வேண்டும். மருந்து குறைந்தால் கூடு வாயிலில் செருகி நிற்கும். கூடினால் ஸ்லைடு சட்டத்தை மோதித் தேய்க்கும். இந்த இடுக்கில்தான் ‘என் துப்பாக்கிக்கான தோட்டா’ என்பதற்குப் பொருள் இருக்கிறது. நல்ல அடைப்பாளி தேடுவது இந்த நடுவெளியை.

வெளியே தெரியாத இன்னொரு அளவு, குண்டு அமரும் ஆழம். 9 மி.மீ. கூட்டுக்குள் இடம் மிகக் குறைவு. குண்டு சற்று இறங்கினாலும் மருந்து எரியும் வெளி சுருங்கி, அழுத்தம் தாவி ஏறும். ஸ்பியர் நிறுவனத்தின் கையேடு பதிவு செய்த ஒரு சோதனையில், குண்டை 0.030 அங்குலம் மட்டும் கூடுதலாக அழுத்தியபோது, அக்கால அளவையில் 28,000 ஆக இருந்த அழுத்தம் 62,000 ஆனது. மருந்து ஒரு துகளும் கூடவில்லை! பிஸ்டலில் ஒவ்வொரு தோட்டாவும் ஏறும்போது குண்டின் மூக்கு குழலின் ஏற்றச் சரிவில் மோதுகிறது. கூட்டின் பிடி தளர்ந்திருந்தால் அந்த மோதலிலேயே குண்டு உள்ளே இறங்கிவிடும். இறுக்கிப் பிடிக்கட்டும் என்று வாயை அளவுக்கு மீறி மடக்கவும் கூடாது. இந்தக் கூடுகள் சேம்பருக்குள், அதாவது குழலில் தோட்டா அமரும் அறைக்குள், நிற்பதே வாய் விளிம்பில்தான். துப்பாக்கியிலிருந்து குழலைக் கழற்றி, அடைத்த தோட்டாவை அதில் போட்டு, ‘டக்’ என்று விழுந்து தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. விலையுயர்ந்த கருவிகளை விட இந்த ஒரு நிமிடச் சோதனையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பேரழிவுகள் பெரும்பாலும் நுட்பத்தில் பிறப்பதில்லை, மறதியில் பிறக்கின்றன. ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுவது ஒன்று. மருந்தே விழாமல், பிரைமரின் வேகத்தில் மட்டும் குண்டு நகர்ந்து குழலில் சிக்கிக்கொள்ள, கவனிக்காமல் அடுத்ததைச் சுடுவது இன்னொன்று. .45 தோட்டாவின் அழுத்த வரம்பு 21,000 பவுண்டுதான் என்பதால் அது சாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் அதன் கூடு பெரியது. வேகமாக எரியும் மருந்தில் தேவைப்படுவதோ கொஞ்சம். இரட்டை அளவு விழுந்தாலும் கூடு வழியாது, வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் மருந்தைத் தேர்வு செய்யும்போது கிரெயின் கணக்குக்கு முன் பருமனைப் பார்க்க வேண்டும் என்பேன். இருமுறை விழுந்தால் கூடு வழிந்து காட்டிக்கொடுக்கும் மருந்து, கொஞ்சம் செலவு கூடினாலும், நல்ல மருந்து.

இழுவைக்கு ஒரு தோட்டா தரும் பிரஸ்கள் மீது எனக்குள்ள குறையும் இதையொட்டியதே. மணிக்கு நூற்றுக்கணக்கில் அடைக்கலாம் என்பது உண்மை. கூடுகளைத் தாங்கும் தட்டைக் கையால் திருப்ப வேண்டிய வகைகளில், இடையில் தொலைபேசி அடித்து எழுந்து போய்வந்தால் தட்டைத் திருப்பினோமா என்பது நினைவிருக்காது. கருவியின் குற்றமில்லை இது. ஆனால் வேகம் வந்ததும் ஒவ்வொரு கூட்டையும் பார்க்கும் பழக்கம் முதலில் போகிறது.

வேகத்தை விடப் பெரிய மோகம் வலிமை. 1980களில் ‘மேஜர்’ வரம்பு 175 ஆக இருந்தபோது, .38 சூப்பர் தோட்டாவை அழுத்த வரம்புக்கு மேல் ஏற்றி அந்த எண்ணைத் தொட்டவர்கள் பலர். குழலின் ஏற்றச் சரிவுக்கு மேலே கூட்டின் அடிப்பகுதி தாங்கலின்றி இருக்கும். அங்கே பித்தளை கிழிந்து வாயு பீறிட்டது. முகத்தில் துகள் தெறித்த காயத்துக்கு ‘சூப்பர் ஃபேஸ்’ என்று பெயர் வைக்கும் அளவுக்கு அது வழக்கமாயிற்று. கூட்டை முழுதும் தாங்கும் குழல்கள் பிறகு வந்தன. இன்று அதே ஆசை 9 மி.மீ. தோட்டாவில் மேஜர் தேடுகிறது. 124 கிரெயின் குண்டு அதற்கு நொடிக்கு 1,331 அடி போயாக வேண்டும். அதற்கென்றே கட்டிய போட்டித் துப்பாக்கியில், அனுபவசாலி ஒருவர் செய்வது ஒருபுறம் இருக்கட்டும். சாதாரண பிஸ்டலில் இதை முயல்வது தவறு என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

தற்காப்புக்கும் கைத்தோட்டா ஏற்றதல்ல. துப்பாக்கிப் பயிற்சியாளர் மசாத் அயூப் நெடுங்காலமாகச் சொல்லிவரும் காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது. வழக்கு என்று வந்தால் ஆலைத் தோட்டாவை நிபுணர்கள் அதேபோல் ஒன்றை எடுத்துச் சோதித்துக் காட்டலாம். வீட்டுத் தோட்டாவின் உள்ளடக்கத்துக்கு அடைத்தவரின் சொல்தான் சான்று. ஈயத்தையும் மறக்கக்கூடாது. சுட்ட பிரைமரின் எச்சத்தில் ஈயம் உண்டு. கூடுகளை உலர்முறையில் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது எழும் தூசு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் சின்ன விஷயமில்லை.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்தபின், பிஸ்டலுக்குத் தோட்டா அடைப்பது பயிற்சிக்கும் போட்டிக்கும் தகுந்த, மதிக்கத்தக்க கைத்தொழில் என்பதே என் தீர்ப்பு. பணம் மிச்சமாகும் என்று இறங்குபவருக்கும் வலிமை தேடி இறங்குபவருக்கும் அது ஏற்றதில்லை. அச்சிட்ட அட்டவணையின் கீழ்முனையில் தொடங்கி, துப்பாக்கி தடங்கலின்றி இயங்கும் இடத்தில் நிற்கத் தெரிந்தவர் செய்யட்டும். அவரிடம் ஒரு வேண்டுகோள்: மருந்து ஊற்றிய ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கு அடித்துக் கண்ணால் பார்த்த பிறகே குண்டை வையுங்கள்.