சந்திப் பிழைகள்

"இந்த மென்பொருள் சரியானது என்று கணித ரீதியாக நிரூபிக்கப்பட்டுள்ளது." இப்படி ஒரு வரியைப் படித்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் தோன்றும். 'அப்போ இதை உடைக்கவே முடியாது' என்பது ஒன்று. 'சும்மா கதை விடறாங்க' என்பது இன்னொன்று. சில வருடங்களாக வேலை போக மிச்ச நேரத்தில் இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவருகிறேன். என் பார்வையில் இரண்டுமே தவறு. நிரூபணங்கள் உண்மையானவை. ஆனால் அவற்றை உருவாக்கும் கூட்டு ஆய்வுத் திட்டங்கள் ஒரு முக்கியமான வேலையை அரைகுறையாக விட்டுவிடுகின்றன. அது எந்த வேலை என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அடிப்படை. டெஸ்ட் எழுதினால், நாம் கொடுத்த உள்ளீடுகளுக்கு நிரல் ஒழுங்காக நடக்கிறது என்று மட்டும்தான் தெரியும். முறைசார் சரிபார்ப்பில், நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணித மொழியில் ஒரு வரையறையாக எழுதுகிறார்கள். எந்த உள்ளீடு வந்தாலும் நிரல் அந்த வரையறையை மீறாது என்று நிரூபணம் எழுதுகிறார்கள். அந்த நிரூபணத்தை இசபெல், கோக் போன்ற கருவிகள் படிப்படியாகச் சோதிக்கும். மனிதக் கண்ணை நம்ப வேண்டியதில்லை.

இதற்கு ஆகும் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்திரேலியாவின் நிக்டா ஆய்வு மையம் 2009-ல் எஸ்.இ.எல்.4 கெர்னலின் நிரூபணத்தை வெளியிட்டது. சி நிரல் சுமார் 8,700 வரி. அதை வடிவமைத்து எழுத 2.2 மனித ஆண்டுகள் போதுமாக இருந்தன. நிரூபிக்க, கருவிகள் செய்ததையும் சேர்த்து, சுமார் 20 மனித ஆண்டுகள். நிரூபணம் மட்டும் 2 லட்சம் வரி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அந்த சி நிரலில், நிரூபிக்கும்போது 144 பிழைகள் அகப்பட்டன. கதை விடுகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

அதே கட்டுரை இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறது: கம்பைலர் சரி, அசெம்ப்ளி நிரல் சரி, வன்பொருள் சரி, கெர்னலைக் கிளப்பும் நிரல் சரி என்று நாங்கள் அனுமானித்துக்கொண்டோம். நிரூபணத்தின் எல்லை அங்கே முடிகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும்?

இதை உடைத்துப் பார்க்க முயன்ற இரண்டு ஆய்வுகளைப் பார்க்கலாம். 2011-ல் யூட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று, சிஸ்மித் என்ற கருவியால் தாறுமாறான சி நிரல்களை உருவாக்கிக் கம்பைலர்களுக்குத் தின்னக் கொடுத்தது. பல கம்பைலர்களில் மொத்தம் 325-க்கும் மேற்பட்ட பிழைகள். சேவியர் லெராய் பிரான்சில் உருவாக்கிய காம்ப்செர்ட்டில், நிரூபிக்கப்பட்ட நடுப்பகுதி தவறான நிரலை உருவாக்கிய ஒரு நிகழ்வுகூடச் சிக்கவில்லை. சிக்கியவை ஓரங்களில். அன்று நிரூபிக்கப்படாமலிருந்த முன்பகுதியில் சில. பவர்பிசி கட்டளை ஒன்றில் ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காத எண்ணை எழுதியது இன்னொன்று. 'அளவை மீறினால் அசெம்ப்ளர் பார்த்துக்கொள்ளும்' என்று விட்டிருந்தார்கள். நல்லவேளை, அசெம்ப்ளர் பார்த்துக்கொண்டது.

2017-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, நிரூபிக்கப்பட்ட மூன்று விநியோகக் கணினி அமைப்புகளை ஆராய்ந்தது: அயர்ன்ஃப்ளீட், வெர்டி, சப்பார். கிடைத்தவை 16 பிழைகள். நிரூபிக்கப்பட்ட நெறிமுறைகளில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஓரத்தில்தான்: இயங்குதளத்தோடு பேசும் நிரூபிக்கப்படாத மெல்லிய அடுக்கில், வரையறையில், சரிபார்க்கும் கருவிகளில். பெரிய பாக்கெட் வந்தால் சர்வர் விழுந்தது. ஒரே பாக்கெட் இருமுறை வந்தால் தரவு முரண்பட்டது.

மரம் சரி, பெட்டி சரி. 'மரம்பெட்டி' என்று எழுதினால் தப்பு. தனித்தனியாகப் பார்க்கும்வரை பிழையே கண்ணில் படாது. நான் சொல்லும் பிழைகளும் இந்த ஜாதிதான், சந்திப் பிழைகள்.

கூட்டு ஆய்வு இந்தச் சந்திகளைக் கூட்டுகிறது. 1989-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் இயங்கிய கம்ப்யூட்டேஷனல் லாஜிக் என்ற சிறிய நிறுவனம், செயலி, அசெம்ப்ளர், கம்பைலர் என்று அடுக்கடுக்காக நிரூபித்துப் பொருத்திக் காட்டியது. எல்லா அடுக்குக்கும் ஒரே குழு, ஒரே கருவி. இன்றைய அமைப்புகளின் அளவுக்கு அது கட்டுப்படியாகாது. 2016-ல் தொடங்கிய டீப்ஸ்பெக் திட்டத்தில் பிரின்ஸ்டன், பென்சில்வேனியா, யேல், எம்ஐடி என நான்கு பல்கலைக்கழகங்கள், 1 கோடி டாலர் நிதி. வரையறை இருபக்கமும் பொருந்த வேண்டும் என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. அதாவது, கீழ் அடுக்கை எழுதியவர் எதை நிரூபித்தாரோ, மேல் அடுக்கை எழுதுபவர் அதையே நம்பிக் கட்ட வேண்டும். சரியான நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் பிரின்ஸ்டனின் சி நிரூபணக் கருவியையும் யேலின் செர்டிகோஸ் இயங்குதளத்தையும் இணைப்பதே தனி ஆராய்ச்சியாகிப் போனது. அதற்கான கட்டுரை 2020-ல்தான் வந்தது.

முடியவே முடியாதா? முடியும். எஸ்.இ.எல்.4-ன் கம்பைலர் அனுமானத்தை 2013-ல் நீக்கினார்கள். சிட்னியின் இசபெல் நிரூபணமும், கேம்பிரிட்ஜில் உருவான ஏஆர்எம் செயலியின் கணித மாதிரியும் கைகோத்தன. ஜிசிசி வெளியிட்ட இயந்திர நிரல் மூல நிரலோடு ஒத்துப்போகிறதா என்று நேராகவே சரிபார்த்தார்கள். 2009-ல் காகிதத்தில் ஒரு அனுமானமாக இருந்தது, நான்கே ஆண்டுகளில் நிரூபணமாக மாறியது. கூட்டு ஆய்வு என்றால் இதுதான்.

இங்கேதான் என் குறை. 'அனுமானங்களைத்தான் கட்டுரையிலேயே எழுதிவிட்டோமே' என்பது ஆய்வாளர்கள் தரும் பதில். எழுதுவது நேர்மை, சந்தேகமில்லை. அந்த அனுமானங்களைச் சோதிப்பது யார்? வாஷிங்டன் குழு அதற்கென்றே கருவிகள் செய்து காட்டியது. அப்படிப்பட்ட கருவி ஒவ்வொரு திட்டத்தின் முதல் வருடத்திலேயே இருந்திருக்க வேண்டாமா? புதிய அடுக்கை நிரூபித்தால் கட்டுரை கிடைக்கும், பட்டம் கிடைக்கும். இரண்டு அடுக்கை ஒட்டவைத்து, நிரல் மாறும்போதெல்லாம் அந்த ஒட்டைப் பழுதுபார்த்தால் என்ன கிடைக்கும்? நிதிக்கு முடிவுத் தேதி உண்டு, நிரலுக்குக் கிடையாது. நிரல் மாறினால் நிரூபணமும் மாறியாக வேண்டும், இல்லாவிட்டால் அது பழைய சான்றிதழ்தான். 2021-ல் எஸ்.இ.எல்.4-ன் மூலக் குழுவையே ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ கைகழுவியது. குழு நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடர்ந்தது. லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓர் அமைப்பை 2020-லேயே ஏற்படுத்தியிருந்தது பெரிய ஆறுதல். இவ்வளவு புகழ் பெற்ற திட்டத்துக்கே இந்த நிலை.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் குறியாக்க நிரலில் ஒரு பகுதி 2017 முதல் நிரூபிக்கப்பட்ட நிரல்தான். இனி இது கூடத்தான் போகிறது. எனவே அடுத்த முறை 'நிரூபிக்கப்பட்டது' என்ற வரியைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வரையறைக்கு எதிராக? எதையெல்லாம் அனுமானித்து? கடைசியாக நிரல் மாறியபோது நிரூபணத்தை மாற்றியது யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முதல் இரண்டின் பதில்களும் சீக்கிரமே பழசாகிவிடும்.