படிவுப் பாறை யுரேனியம்: நான்கு பள்ளிகளும் ஒரு தரமும்

சங்கத்தின் மலருக்குப் படிவுப் பாறைகளில் அமைந்த யுரேனியத் தாதுக்களைப் பற்றி ஒரு தொகுப்புரை வேண்டும் என்று மூத்தோர் பணித்ததன் பேரில் இக்கட்டுரை அமைகிறது. 1949இல் டி.என். வாடியா தலைமையில் அரிய கனிம ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்ட வரலாற்றையும், அது படிப்படியாக வளர்ந்து இன்று ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக்கனிம இயக்ககமாக நிற்பதையும், அதில் யார் யாரிடம் பயின்றார் என்பதையும் உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. படிவுப் பாறைக்குள் யுரேனியம் எப்படிச் சேர்ந்தது என்ற வினாவுக்கு விடை சொன்ன பள்ளிகள் எவை, அவை எந்தச் சான்றின் மேல் நின்றன, அந்தச் சான்றைப் படிக்கும் தரம் இன்று எந்நிலையில் இருக்கிறது என்பனவே இங்கே கூறப்படுகின்றன.

பெரும்பாலான பள்ளிகளுக்குப் பொதுவான அடிப்படை ஒன்றுண்டு. ஆக்சிஜன் மிகுந்த நீரில் யுரேனியம் ஆறு இணைதிற நிலையை அடைந்து, யுரேனைல் அயனியாகக் கரைந்து, பெரும்பாலும் கார்பனேட்டோடு கூடி நெடுந்தொலைவு பயணம் செய்கிறது; கரிமப் பொருளோ பைரைட்டோ ஹைட்ரஜன் சல்பைடோ உள்ள ஒடுக்கச் சூழலை, அதாவது ஆக்சிஜன் அற்ற சூழலை, எதிர்கொண்டதும் நான்கு இணைதிற நிலைக்கு இறங்கி யுரேனினைட்டாகவோ காஃபினைட்டாகவோ படிகிறது. புவியோட்டில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ மூன்று பங்கே உள்ள இத்தனிமம் ஓரிடத்தில் தாதுவாகத் திரள்வதற்கு இந்தக் கரைதலும் படிதலுமே முதன்மையான வழி. பள்ளிகள் வேறுபடுவது, இது எப்போது நிகழ்ந்தது, எந்த நீரால் நிகழ்ந்தது என்பதில்தான்.

முதற்பள்ளி, இந்த விதிக்கே விலக்கான வண்டல் பள்ளி. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட், கனடாவின் எலியட் ஏரி ஆகிய இடங்களில், கூழாங்கற்கள் இறுகிய பாறைகளுக்குள் யுரேனினைட் மணிகள் பைரைட்டோடு சேர்ந்து கிடக்கின்றன. விட்வாட்டர்ஸ்ரான்டில் தங்கமும் உடன் கிடைக்கிறது. 1950களில் சி.எஃப். டேவிட்சன் இவை பிற்காலத்து வெந்நீர்க் கரைசல்கள் கொண்டுவந்து சேர்த்தவை என்று வாதாட, பால் ராம்டோர் நுண்ணோக்கியின் வழியே மணிகளின் உருண்ட வடிவைக் காட்டி, இவை ஆற்றால் அடித்து வரப்பட்டவை என்று நிறுவ முயன்றார். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் பெருகும் முன்னர் யுரேனினைட் ஆற்றில் கரையாமல் உருண்டு வர இயலும் என்பதும், அம்மணிகளில் தோரியம் மிகுந்திருப்பதால் அவை கிரானைட் போன்ற உயர்வெப்பப் பாறையில் பிறந்தவை என்பதும் ராம்டோரின் தரப்புக்கு வலுச் சேர்த்தன. வெந்நீரால் பிற்கால மறுபடிவு ஓரளவு நிகழ்ந்தது என்பதை ஏற்றுக்கொண்டு, பெரும்பான்மையோர் இன்று வண்டல் பள்ளியின் பக்கமே நிற்கின்றனர்.

இரண்டாம் பள்ளி, மணற்கல்லுக்குள் நிலத்தடி நீர் ஊடுருவிச் சென்று யுரேனியத்தை விட்டுச் செல்கிறது என்ற பள்ளி. அமெரிக்காவின் கொலராடோ மேட்டுநிலத்து மாரிசன் படிவின் தட்டையான தாதுக்களும், வயோமிங்கின் பிறை வடிவத் தாதுமுகங்களும் இதற்குப் பாடநூல்கள். வயோமிங்கின் ஷெர்லி வடிநிலத்தைப் பற்றி ஹார்ஷ்மன் 1972இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தோர், ஒரே மணற்கல் அடுக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்த பகுதி, அதன் விளிம்பில் கரிய தாது, அதற்கு அப்பால் பைரைட் மாறாத சாம்பல் மணல் என்ற வரிசையை மறக்க மாட்டார்கள். தாதுமுகத்தின் பின்புற விளிம்பில் செலினியமும் முன்புறத்தில் மாலிப்டினமும் திரள்வது இந்த வரிசையின் கையெழுத்து. கஜகஸ்தானின் சூ-சரிசு வடிநிலம் இதே வகையைச் சேர்ந்தது. அங்கே சுரங்கம் தோண்டாமல், துளைக்கிணறுகள் வழியே அமிலம் செலுத்திக் கரைத்தெடுக்கும் முறையால் அந்நாடு உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தருகிறது. நம் நாட்டில் மேகாலயத்தின் கீழ் மகாதேக் மணற்கல் இவ்வகையினது. கிரிடேசியக் காலத்தின் பிற்பகுதியில் ஆறுகள் படிய வைத்த அந்தச் சாம்பல் மணற்கல்லில் கரியாகிப்போன மரத்துண்டுகளைச் சார்ந்து தாது அமைந்திருப்பதை அங்குள்ள டோமியாசியாட்டில் பணியாற்றியோர் அறிவர்.

மூன்றாம் பள்ளி முரண்தளப் பள்ளி. பழைய அடித்தளப் பாறை அரிக்கப்பட்டு, நெடுங்காலம் வெறுந்தரையாகக் கிடந்து, பின் அதன் மேல் புதிய படிவு அமைந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையே முரண்தளம். களத்தினர் வழக்கில் அன்கன்ஃபார்மிட்டி. கனடாவின் அதபாஸ்கா வடிநிலத்தில் 1968இல் ராபிட் ஏரியும், 1981இல் சிகார் ஏரியும், 1988இல் மெக்ஆர்தர் ஆறும் கண்டறியப்பட்டபோது, மணற்கல்லில் சுழன்ற உப்புநீர், கிராஃபைட் செறிந்த பிளவுகள் வழியே அடித்தளப் பாறையோடு கலந்து இந்த எல்லையில் செறிந்த தாதுவை உண்டாக்கியது என்ற கொள்கை உருவாயிற்று. அங்குள்ள பெரும் படிவுகளில் தாதுவின் சராசரிச் செறிவே 10 சதவீதத்துக்கு மேல் செல்வது, மற்றப் பள்ளிகளைச் சேர்ந்தோரும் வியந்து ஒப்புக்கொண்ட செய்தி. நல்கொண்டா மாவட்டத்து லம்பாபூரில், ஸ்ரீசைலம் படிவின் தட்டைத்தலைக் குன்றுகளுக்கு அடியில், முரண்தளத்தை ஒட்டிய கிரானைட்டில் தாது கிடைத்ததும் இப்பள்ளி நம் நாட்டிலும் காலூன்றியது.

நான்காவது, இக்கட்டுரையாளர் சார்ந்த பள்ளி. படிவு படியும் காலத்திலேயே, அல்லது படிந்து இறுகும் காலத்திலேயே, யுரேனியம் அடுக்கோடு அடுக்காகச் சேர்ந்தது என்பது இதன் கொள்கை. இதன் தாயகம் கடப்பை வடிநிலம். 1872இல் வில்லியம் கிங் வெளியிட்ட நினைவேடு தொடங்கி இவ்வடிநிலத்துக்கு ஒரு நெடிய வாசிப்பு மரபு உண்டு. அடியில் கிரானைட், அதன் மேல் குல்செரு படிவின் கூழாங்கல் பாறையும் குவார்ட்சைட்டும், அதற்கும் மேல் வேம்பள்ளிப் படிவின் டோலமைட் என்ற வரிசையில், அந்த டோலமைட்டுக்குள் பாஸ்பேட் கலந்த இரண்டு மெல்லிய அடுக்குகளாகத் துமலபள்ளித் தாது அமைந்துள்ளது. இடையில் தாது குன்றிய ஓர் அடுக்கு இரண்டையும் பிரிக்கிறது. பாசிப் படலங்கள் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட், அலைத்தடம், சேற்று வெடிப்பு ஆகிய மூன்றும் அருகருகே கிடைப்பதால், இது ஆழமற்ற ஓதக் கரையில் படிந்தது என்பதில் ஐயமில்லை. மேலே உள்ள தாடிபத்ரிப் படிவுக்குள் ஊடுருவிய புலிவெந்துலா சில் என்னும் தீப்பாறைத் தகடு 188.5 கோடி ஆண்டுகள் பழமையானது என்று அளக்கப்பட்டிருப்பதால், வேம்பள்ளி அதற்கும் மூத்தது. காற்றில் ஆக்சிஜன் பெருகிய பின்னர், சுற்றியிருந்த கிரானைட் நிலத்திலிருந்து கரைந்து வந்த யுரேனியம், பாசியும் பாஸ்பேட்டும் நிறைந்த ஓதச் சேற்றில் நின்றுபோயிற்று என்பதே இப்பள்ளியின் வாசிப்பு. தாது 0.05 சதவீதத்துக்கும் குறைந்த செறிவுடையது என்றாலும், அடுக்கு பல கிலோமீட்டர் தொலைவுக்கு அறுபடாமல் செல்கிறது. கார்பனேட் பாறை அமிலத்தை உறிஞ்சி வீணாக்கிவிடும் என்பதால், அங்கே காரக் கரைசலை அழுத்தத்தில் செலுத்தும் ஆலை அமைக்க வேண்டியதாயிற்று.

இப்பள்ளியை நிலைநிறுத்திய ஆசிரியரின் பெயரை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை. தம் பெயர் மலர்களில் வருவதை அவர் விரும்பியதில்லை, சங்கத்தாருக்கோ சொல்லாமலே விளங்கும். பாப்பாக்னி ஆறு வெட்டிக் காட்டிய பாறை முகங்களில் அவர் நடத்திய பாடத்தில் முதல் நாள் கெய்கர் கருவிக்கு இடமில்லை. மாணவர் கிரானைட்டின் மேல் நின்று தொடங்கி, ஒவ்வோர் அடுக்கின் தடிப்பையும் நாடா வைத்து அளந்து, நிறத்தை ஈரமாகவும் உலர்வாகவும் இருமுறை குறித்து, கைலென்சில் மணியின் வடிவைப் பார்த்து, நீர்த்த அமிலம் ஒரு துளி இட்டுச் சுண்ணாம்பா டோலமைட்டா என்று தேர்ந்த பிறகே, மறுநாள் கருவி கைக்கு வரும். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். டோலமைட் சுரண்டிப் பொடியாக்கிய இடத்தில்தான் மெல்ல நுரைக்கும். அந்த வேறுபாட்டை ஒருமுறை தன் கண்ணால் கண்டவர், தாதுவைத் தாங்கும் பாறை எது என்பதை எந்த வரைபடத்தின் துணையும் இன்றிச் சொல்வார். பாறையை முதலில் படி, எண்ணிக்கையைப் பின்னர் எடு என்பதே அம்மரபின் சாரம்.

மற்றப் பள்ளிகளின் பெருமையும் இதே கவனத்தில்தான் இருந்தது. 1972இல் பிரான்சின் பியேர்லாத் ஆலையில், யுரேனியம்-235 இன் பங்கு வழக்கமான 0.7202 சதவீதத்துக்குப் பதில் 0.7171 சதவீதமாக வந்தபோது, அந்தச் சிறு குறையை ஆய்வாளர்கள் அளவைப் பிழை என்று தள்ளிவிடவில்லை. தேடிச் சென்று, காபோன் நாட்டு ஒக்லோவின் மணற்கல் தாதுவுக்குள் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் தானாக இயங்கிய அணு உலையைக் கண்டனர்.

அந்தத் தரத்தோடு இன்றைய நடைமுறையை ஒப்பிடும்போது சிலவற்றைச் சொல்லாமல் விட இயலவில்லை. யாரையும் சுட்டுவது நோக்கமன்று. இளையோரில் பலர் திறமையானவர்கள் என்பதையும், கருவிகள் பெருகியிருப்பது நன்மையே என்பதையும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் துளையிட்டு எடுத்த பாறை உருளையை, அதாவது கோரை, கண்ணால் படித்துப் பதிவு செய்யும் வழக்கம் தேய்ந்துவருகிறது. துளைக்குள் காமாக் கருவியை இறக்கிக் கிடைத்த வளைவைக் கணினியில் ஏற்றிவிட்டால் பதிவு முடிந்தது என்று கருதுவோர் உள்ளனர். காமாக் கதிரைப் பெரும்பாலும் வெளியிடுவது யுரேனியம் அன்று; அதன் சிதைவுத் தொடரில் ரேடியத்துக்குப் பின் வரும் பிஸ்மத்-214. மணற்கல்லில் தாதுமுகம் நகரும்போது யுரேனியம் முன்னே சென்றுவிட, ரேடியம் பின்தங்கும். யுரேனியம் இல்லாத இடத்தில் வளைவு உயரும், இருக்கும் இடத்தில் தாழும். இச்சமநிலைக் குலைவு சரியாகப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும். உருளையை நனைத்து, சிவந்த மணலா சாம்பல் மணலா என்று பார்த்தவர் இந்தப் பொறியில் விழுவதில்லை; வளைவை மட்டும் நம்பியவர் வெறும் மணலைத் தாது என்றும், தாதுவை வெறும் மணல் என்றும் கணக்கெழுத நேரும்.

இது ஒரு துளையோடு முடிவதன்று. அருமண் தனிமங்களின் வரைபடம் பத்து இருந்தும், அளந்த பாறை வரிசை ஒன்றுகூட இல்லாத ஆய்வேடுகள் வருகின்றன. முரண்தளம் தென்பட்ட இடமெல்லாம் அதபாஸ்கா வகை என்றும், அடுக்கோடு படிந்ததெல்லாம் துமலபள்ளி வகை என்றும் பெயர் சூட்டப்படுகிறது. கிராஃபைட் உண்டா, களிமண் மாற்றம் எவ்வளவு, உப்புநீரின் தடம் எங்கே என்று கேட்பார் குறைவு. கோர்ப் பெட்டிகள் மழையில் நனைந்து, மேலே எழுதிய ஆழ எண்கள் அழிந்து, உருளைகள் இடம் மாறிக் கிடக்கும் கொட்டகைகளும் இல்லாமல் இல்லை. பெருஞ்செலவில் எடுத்த ஓர் உருளையின் ஆழம் தெரியாமற் போவது, அந்தத் துளையே இடப்படாமற் போவதற்குச் சமம். ஒரு தலைமுறை இப்படிச் சென்றுவிட்டால், அடுத்த தலைமுறை எந்தப் பள்ளியின் கொள்கையையும் சோதிக்கப் பாறை இன்றி நிற்கும். நான்கு பள்ளிகளும் வெறும் பெயர்களாகும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக மூத்தோர் வெயிலில் நின்று ஈட்டிய அறிவு மண்ணோடு போகும்.

ஆகவே சங்கத்தின் முன் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கப்படுகின்றன. மூத்த உறுப்பினர்களின் களக் குறிப்பேடுகளைத் திரட்டிப் படியெடுத்து வைக்கும் பணியைச் சங்கம் ஏற்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இளம் உறுப்பினர்களைப் பாப்பாக்னிப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்று, நாடாவும் லென்சும் அமிலக் குப்பியும் மட்டும் கொடுத்து, கிரானைட்டிலிருந்து வேம்பள்ளி வரை ஒரு முழு வரிசையை அளக்கப் பழக்க வேண்டும். அப்பயிற்சிக்குத் துணைநிற்கக்கூடிய மூத்தோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இது தொடங்க வேண்டும்.